மாங்குளம் வரை வெறுமையாக வரும் சீற்

போன மாதம் நிரோஷன் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு மல்லாவியில் இருந்து வவுனியாவுக்குப் போகும் காலை ஒபிஸ் பஸ்ஸை ஓட்டுகிறவன் அவன்தான். நல்ல பொடியன். அவன் கியர் மாற்றினால் பஸ் குலுங்காது. அதற்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

“அண்ணை, உங்கட பஸ்ஸில வாற சனத்துக்கு என்ன விசரோ?” என்றான்.

உங்கட பஸ் என்று அவன் சொன்னதில் எனக்கு உள்ளூரச் சந்தோசம். காட்டிக்கொள்ளவில்லை. “ஏன்ரா, என்ன செய்தினம்?”

“செவ்வாயும் வெள்ளியும் பாருங்கோ, புட்போட்டில தொங்கிக்கொண்டு வருகினம். எனக்குப் பின்னால இருக்கிற ஜன்னல் சீற் சும்மா கிடக்குது. மாங்குளம் மட்டும் ஒருத்தரும் அதில இருக்கினமில்லை. அங்க ஒரு அக்கா ஏறினாப் பிறகுதான் அது நிரம்புது. முந்தநாள் செக்கிங் ஐயா ஏறினவர். சனம் நிக்கேக்க சீற் ஏன் வெறுமையாக் கிடக்குது, நீ ஆருக்கோ பிடிச்சு வைக்கிறாய் எண்டு என்னைப் போட்டுக் குடைஞ்சு எடுத்திட்டார். வாற செவ்வாய் திரும்பியும் ஏறுவாராம். சரியான காரணம் சொல்லாட்டி என்ர பேரில முறைப்பாடு எழுதுவாராம். எனக்கு என்ன கோதாரி தெரியும், நான் என்ன சொல்லுறது?”

“சனத்திட்டக் கேட்டனியோ?”

“கேட்டனான். ‘அது அப்பிடித்தான் தம்பி’ எண்டு சொல்லிப்போட்டு வெளியால பாக்கினம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரு, தேத்தண்ணி குடி என்று அவனைக் கதிரையில் இருத்தினேன். அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லாத கை. ஸ்ரியறிங் பிடித்த கைக்குப் பேனை மெல்லிசாக இருக்கிறது.

என்னைப் பற்றிக் கனக்கச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் அப்பர் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தில் இருந்து மல்லாவிக்கு வந்தவர். எனக்கு வயல் வணங்கவில்லை. டிப்போவில் சில்லுக் கழற்றிப் பூட்டுகிறவனாகச் சேர்ந்து, கிறீஸில் குளித்து, லைசென்ஸ் எடுத்து, சாரதியானேன். பிறகு சண்டை, இடப்பெயர்வு, முகாம், திரும்பி வருதல். அதையெல்லாம் எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். பாதை திறந்து, ஊர் திரும்பவும் ஊராகி, வவுனியாவுக்குக் காலை பஸ் ஒன்று விட்டபோது அதை ஓட்ட என்னைப் போட்டார்கள். அங்கிருந்துதான் என் கதை தொடங்குகிறது.

மல்லாவியைப் பகலில் பார்க்கிறவர்கள் ஒரு சந்தை, கொஞ்சம் கடை, ஒரு ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், சுற்றிவர வயல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த ஊரை விடியப்புறம் வந்து பார்க்க வேண்டும். கிழக்கு வெளிக்க முதல் குசினி விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். தேங்காய் திருவுகிற சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். எந்த வீட்டில் சத்தம் கேட்கிறதோ அந்த வீட்டில் ஒருவர் பஸ்ஸுக்கு வருகிறார் என்று அர்த்தம். புட்டு அவித்து, பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி, புருசனுக்கு ஒரு பெட்டி, தனக்கு ஒரு பெட்டி கட்டி, சேலையும் உடுத்து, தலைமயிர் காயாமலே ஓடி வந்து ஏறுகிற பெண்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். நான் செய்ததெல்லாம் முகம் கழுவிக்கொண்டு வந்து ஸ்ரியறிங்கைப் பிடித்ததுதான்.

வேலை வவுனியாவில், சீவியம் மல்லாவியில். கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்கிறவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி மிஸிமார், கடைகளில் நிற்கிற பிள்ளைகள் என்று ஒரு பஸ் நிறைய. அங்கேயே ஒரு வீடு எடுத்து இருக்கலாமே, ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று நானே பலரிடம் கேட்டிருக்கிறேன். “அப்ப வயலை ஆர் பாக்கிறது பரா அண்ணை?” என்பார்கள். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி, சேலையை மாற்றிவிட்டு, மண்வெட்டியோடு வாய்க்காலில் தண்ணீர் திருப்பப் போகிற கிளாக்கர்மாரை நான் வேறு எந்த ஊரிலும் காணவில்லை.

இந்தச் சனத்துக்கு பஸ்தான் ஊர்க்கூட்டம். கலியாணக் கார்டு அங்கேதான் கொடுபடும். பிள்ளையின் றிசல்ட், கோவில் திருவிழா, நெல்லில் மஞ்சள் விழுந்தால் என்ன மருந்து அடிப்பது, எல்லாம் மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் முடிவாகிவிடும். ஆளாளுக்கு ஒரு சீற் உண்டு. சீற்றில் பேர் எழுதியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்த யாராவது தெரியாமல் இருந்துவிட்டால், சீற்றுக்காரர் பக்கத்தில் வந்து நின்று மெல்ல இருமுவார். எழும்பும் வரை இருமல் நிற்காது.

இந்த பஸ்ஸுக்கு நேரக்காப்பாளராக இருந்தவர் காதர் நானா. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் ஆள். சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனத்தைப் போகச் சொன்னபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போனவர், வரலாம் என்றபோது திரும்பி வந்தவர். மெலிந்த மனுசன், வெள்ளைச் சேட்டு, கழுத்தில் ஒரு விசில். நான் கத்துகிற ஆள், ஊருக்கே தெரியும். அவரோ சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. அந்த மனுசனிடம் வேலை செய்தது என் அதிர்ஷ்டம் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

அவருடைய ஒழுங்கு மூன்று விசில். முதல் விசிலுக்கு நான் என்ஜினை ஸ்ராட் எடுத்துவிட வேண்டும். பிறேக்குக்குக் காற்று நிரம்புகிற மட்டும் இறங்கி, இரும்புத் தடியால் சில்லுகளை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். பின்னால் இரட்டைச் சில்லில் உள்பக்கத்துச் சில்லுக்குக் காற்றுப் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தட்டினால் சத்தம் மந்தமாக வரும். நான் தட்டும்போது நானா கொஞ்சம் தள்ளி நின்று காது கொடுப்பார். ஒன்றைத் தட்டாமல் விட்டேன் என்றால், “பரா, ஒண்டு கேக்கேல்லையே,” என்பார். அவ்வளவுதான்.

இரண்டாவது விசிலுக்குக் கொண்டக்டர் ஏறிவிடுவான். அப்போதுதான் நானாவின் வேலை தொடங்கும். பஸ்ஸின் பின்பக்கத்தில் இருந்து முன்பக்கத்துக்கு வெளியால் நடந்து வருவார். ஆட்களை எண்ண மாட்டார், ஜன்னல்களை மட்டும் பார்ப்பார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு முகம் இருக்கிறதல்லவா, முகமில்லாத ஜன்னலுக்கு முன்னால் நின்று போனை எடுப்பார். “மகள், இண்டைக்கு வாறியளோ?... பிள்ளைக்குக் காய்ச்சலோ? சரி, பாத்துக்கொள்ளுங்கோ.” ஆள் வழியில் வந்துகொண்டிருந்தால், “இங்க ஓடி வராதேங்கோ, ஆலடிச் சந்தியில நில்லுங்கோ, பஸ் அதால வரும்,” என்பார்.

மூன்றாவது விசிலுக்குச் சில்லு உருள வேண்டும். அதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒருநாள் பெரிய ஒபிசர் ஒருவர் தூரத்தில் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார். நான் பிறேக்கில் காலை வைத்தேன். நானா விசிலை இன்னொரு தரம் ஊதினார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பின்னேரம், ஏன் நானா, ஒரு நிமிசம்தானே என்று கேட்டேன்.

“உள்ளுக்க இருக்கிற சனமும் அந்த ஒரு நிமிசத்துக்காக வீட்டில இருந்து ஓடி வந்ததுகள்தானே பரா. அங்க ஒபிசில வரவு பதியிற விரல் மிசினில நேரத்துக்கு விரலை வைக்க வேண்டினது அதுகள். வராத ஆளைத் தேடுவம், கூப்பிடுவம், என்னவும் செய்வம். காத்துக்கொண்டு நிக்கிறது மட்டும் இல்லை,” என்றார்.

இதே நேரத்துக்கு வவுனியாவில் இருந்தும் ஒரு பஸ் மல்லாவிக்கு வெளிக்கிடும். அங்கே குடியிருந்துகொண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் ஒபிசுகளுக்கும் வருகிறவர்கள் அதில் வருவார்கள். சாரதி சுனில், சிங்களவர். தமிழை என்னைவிட வேகமாகக் கதைப்பார். இரண்டு பஸ்ஸும் கனகராயன்குளத்தில் சந்திக்கும். அந்த இடத்தில் இரண்டு பேரும் மெதுவாக்கி, ஜன்னலோடு ஜன்னலை ஒட்டி நிறுத்துவோம். அலுமாரித் திறப்புக் கொத்து, மறந்துபோன கண்ணாடி, சாப்பாட்டுப் பெட்டி, பேப்பர் எல்லாம் இந்த ஜன்னலால் அந்த ஜன்னலுக்குப் போகும். புருசன் அந்த பஸ்ஸிலும் பெண்சாதி இந்த பஸ்ஸிலும் போகிற ஒரு சோடி இருந்தது. நாங்கள் விலத்துகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் அன்றைய சண்டையை முடித்துக்கொள்வார்கள். பஸ் முழுக்கச் சிரிக்கும்.

இனிச் சிவஞானத்தின் கதைக்கு வருகிறேன்.

சிவஞானம் மல்லாவிக்கு உள்ளே ஒரு குடியேற்றத்தில் வயல் செய்கிறவர். எங்கள் பக்கத்தில் பலருக்கு வருகிற சிறுநீரக வருத்தம் அவருக்கும் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் மிசினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். முதல் நாள் பஸ்ஸில் ஏறினவர், எனக்குப் பின்னால் இருந்த ஜன்னல் சீற்றில் போய் இருந்துவிட்டார். அது கமலா ரீச்சரின் சீற். ஓமந்தைப் பக்கம் படிப்பிக்கிறவர், கண்டிப்பான மனுசி. அவர் வந்து நின்று இருமினார். சிவஞானத்துக்கு இருமலின் அர்த்தம் தெரியவில்லை. “ரீச்சருக்குத் தடிமனோ? கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ,” என்றார். பஸ் கொல்லென்று சிரித்தது. ரீச்சரின் முகம் சிவந்துவிட்டது. “தம்பி, எழும்புங்கோ, இது நான் இருக்கிற சீற்,” என்று நேராகவே சொல்லிவிட்டார். சிவஞானம் எழும்பி, ஓமந்தையில் ரீச்சர் இறங்கின பிறகும் இருக்காமல், வவுனியா வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.

பின்னேரம் வவுனியா பஸ் நிலையத்தில் அவரைக் கண்டோம். ஒரு கையில் துணி சுற்றியிருந்தது. முகம் வெளுத்துப்போய், நிற்க ஏலாமல் தூணில் சாய்ந்திருந்தார். ஓமந்தையில் ரீச்சர் ஏறினதும், பஸ்ஸில் வருகிற ஆஸ்பத்திரி மிஸி ஒருத்திதான் அவருக்கு என்ன வருத்தம் என்று சொன்னாள்.  ரீச்சர் வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ரீச்சர் எல்லோருக்கும் முதல் வந்து தன் சீற்றில் இருந்தார். சிவஞானம் ஏறியதும் எழும்பினார். “இருங்கோ தம்பி.” அவர் வேண்டாம் வேண்டாம் என்று பின்னுக்குப் போனார். “இருங்கோ எண்டு சொன்னா இருக்க வேணும். நான் வகுப்பில நிண்டு பழகின ஆள்.” அன்றில் இருந்து செவ்வாயும் வெள்ளியும் அந்த சீற் சிவஞானத்துடையது. ஓமந்தை வரை ரீச்சர் பக்கத்தில் நிற்பார். யாராவது தங்கள் சீற்றைக் கொடுத்தால் கோபம் வரும்.

சிவஞானத்தின் வாய் சும்மா இராது. வயலைப் பற்றித்தான் முழுக் கதையும். ரீச்சருக்கு எந்த நெல் எந்த மண்ணுக்கு என்று பாடம் நடக்கும். எனக்குப் பின்னால் இருந்து, “பரா அண்ணை, அந்த வயல்ல புல்லுப் பாருங்கோ, சோம்பேறி,” என்று வழியில் உள்ள வயல்காரர்களையும் திட்டிக்கொண்டு வருவார். நானும் திட்டுகிற ஆள் என்பதால் எங்களுக்கு நன்றாக ஒத்துவந்தது.

அந்த வருசப் பெரும்போக மழையை மறக்கேலாது. ஒரு கிழமை விடாமல் கொட்டியது. குளங்களெல்லாம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தன. சிவஞானத்தின் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை வெள்ளத்துக்குள் போய், அவர் ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த செவ்வாய் மச்சானின் லான்ட்மாஸ்டர் உழவு மிசினில் வந்து சேர்ந்தார். முகம் ஊதி, கால் செருப்புக்குள் கொள்ளாமல், நாலு சொல் கதைக்க மூச்சு வாங்கியது. மிஸி அவருடைய காலை அழுத்திப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னாள்: “அண்ணை, இண்டைக்கு மிசினில போட வேணும். மல்லாவி ஆஸ்பத்திரியில மிசின் இல்லை. நாளைக்கு எண்டு வைக்கேலாது. தண்ணி நெஞ்சுக்க ஏறுது.”

மூன்றாவது விசில் ஊதியது. சில்லு உருண்டது.

மாங்குளம் போகிற வழியில் ஒரு தாம்போதி உண்டு. மழை நாளில் வெள்ளம் றோட்டுக்கு மேலால் ஓடட்டும் என்று பள்ளமாகப் போட்ட கொங்கிறீற் பாதை. இரண்டு கரையிலும் வெள்ளையடித்த கட்டைகள் நிற்கும். கட்டையில் உள்ள கறுப்புக் கோட்டுக்கு மேல் தண்ணீர் வந்தால் பஸ் இறங்கக் கூடாது. அன்று கோட்டைக் காணவில்லை. கட்டைகளின் தலை மட்டும் தெரிந்தது. மண்நிறத் தண்ணீர் இரைந்துகொண்டு குறுக்கே ஓடியது.

கொண்டக்டர் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தான். அது வேறு பக்கம் வெள்ளத்தில் மாட்டி நின்றது. பிறகு நானாவுக்கு அடித்தான். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இறங்கினதும் ஜன்னல்களைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் சிவஞானம் வாயைத் திறந்து மூச்செடுத்துக்கொண்டிருந்தார்.

“நானா, பஸ் பாரம். இறக்கினனெண்டா அந்தப் பக்கம் ஏத்திப்போடுவன்,” என்றேன்.

“கோட்டைக் காணேல்லை பரா. இறக்கேலாது.”

“அப்ப அந்த மனுசன் சாகட்டோ?” என்று கத்தினேன். பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். சிவஞானத்துக்கும் கேட்டிருக்கும்.

நானா என் தோளில் கையை வைத்தார். “ஒருத்தருக்காக ஒரு பஸ் சனத்தைத் தண்ணிக்க விடேலாது. ஒரு பஸ் சனத்துக்காக அவரைக் கரையில விடவும் ஏலாது. சத்தம் போடாம நில்லு. சுனில் எங்கை வாறான் எண்டு கேள்.”

சுனில் கனகராயன்குளம் தாண்டி வந்துகொண்டிருந்தார். நேரே அந்தக் கரைக்கு வரச் சொன்னோம். இனி அவரை இந்தத் தண்ணீருக்கு மேலால் கொண்டு போவது எப்படி என்பதுதான் பாக்கி. பக்கத்து வீட்டில் ஒரு பெரிய உழவு இயந்திரமும் அதன் இழுவைப் பெட்டியும் நின்றன. வீட்டுக்காரர் வந்து தண்ணீரைப் பார்த்தார். “மிசின் போகும். வெறும் பெட்டியைத் தண்ணி தூக்கிக்கொண்டு போயிடும். நல்ல பாரம் வேணும்,” என்றார்.

றோட்டோரம் திருத்த வேலைக்குக் கொட்டியிருந்த சல்லி ஒரு கும்பியாகக் கிடந்தது. நானா அதைப் பார்த்தார். பிறகு பஸ்ஸைப் பார்த்தார். அவர் வாய் திறக்க முதலே சனம் இறங்கிவிட்டது.

ஐயோ, அந்தக் காட்சியை நான் எப்படி எழுதுவேன். கச்சேரியில் கணக்குப் பிரிவில் பெரிய கதிரையில் இருக்கிறவர், களுசானை முழங்கால் வரை மடித்துவிட்டுச் சல்லி அள்ள இரும்புத் தாச்சி தூக்கினார். கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுத்தார்கள். தாச்சி இரண்டுதான் கிடைத்தது. கமலா ரீச்சர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, புட்டையும் முட்டைப் பொரியலையும் ஒரு வாழையிலையில் கொட்டி பஸ்ஸுக்குள் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பெட்டியால் சல்லி அள்ளத் தொடங்கினார். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் பெட்டிகளைத் திறந்தார்கள். விடியப்புறம் எழும்பி அவித்த புட்டு முழுக்க இலையில் ஏறியது. விரல் மிசினின் நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒருவர்கூட மணிக்கூட்டைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இழுவைப் பெட்டி நிரம்பியது. அந்த வீட்டுக் கதிரை ஒன்றைச் சல்லிக்கு மேல் வைத்துக் கயிற்றால் கட்டினோம். சிவஞானத்தைத் தூக்கி இருத்தினோம். மிஸி பக்கத்தில் ஏறி அவருடைய தோளைப் பிடித்தாள். அவர் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.  கிட்டப் போனேன்.

“அண்ணை... எங்கட வயலுக்க... தண்ணி நிக்குதோ?”

“உன்ர வயலை நான் பாக்கிறன். நீ வாயை மூடிக்கொண்டு மூச்சை எடு,” என்று அதட்டினேன். கண் கலங்கிவிட்டது.

உழவு இயந்திரம் இறங்கியது. நடுவில் போனதும் பெட்டி ஒரு பக்கம் அசைந்தது. எங்கள் பக்கத்தில் யாரோ முருகா என்றார்கள். நானாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. சல்லியின் பாரம் பெட்டியை அமத்திப் பிடித்துவிட்டது. முன்சில்லு அந்தக் கரையில் ஏறியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சுனிலின் பஸ் அங்கே நின்றது. அதில் வந்த ஆசிரியர்களும் ஒபிஸ் ஆட்களும் ஒருவரும் சொல்லாமலே இறங்கி மழைக்குள் நின்றார்கள். சுனிலும் இன்னொருவரும் சிவஞானத்தைத் தூக்கினார்கள். அப்போது இந்தக் கரையில் இருந்து ரீச்சர் தொண்டை கிழியக் கத்தினார்: “சுனில்! றைவருக்குப் பின்னால! ஜன்னல் பக்கம் இருத்துங்கோ!”

அந்த பஸ் எங்கள் சனத்தையும் ஏற்றிக்கொண்டு போகலாம்தான். ஆனால் உழவு இயந்திரம் எத்தனை தரம் போய் வர வேண்டும்! நான் நானாவைப் பார்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை. விசிலை வாயில் வைத்தார். தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்று ஊதினார். ஒன்று. சுனில் என்ஜினை எடுத்தார். இரண்டு. அவருடைய கொண்டக்டர் ஏறினான். மூன்று. சில்லு உருண்டது. ஒரு நோயாளியும் ஒரு மிஸியுமாக அந்தப் பெரிய பஸ் வவுனியாவுக்குத் திரும்பிப் போனது.

கொஞ்ச நேரத்தில் நானாவின் போன் அடித்தது. மேலிடத்தில் இருந்து. பஸ்ஸை நடு வழியில் யார் திருப்பினது, ஆட்களை ஏன் றோட்டில் இறக்கினது, ஒருவருக்காக ஒரு பஸ்ஸா என்று அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. நானா முழுக்கக் கேட்டார்.

“ஓம். ஒருத்தருக்கு ஒரு பஸ். அப்பிடியே எழுதுங்கோ. என்ர பேரில எழுதுங்கோ,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கொஞ்சச் சல்லியும் எடுத்திட்டம். அதையும் என்ர பேரிலயே எழுதுங்கோ,” என்றும் சொன்னார்.

பிறகு எல்லோரும் பஸ்ஸுக்குள் ஏறி, நனைந்த உடுப்போடு இருந்து, இலையில் குவிந்த புட்டைச் சாப்பிட்டோம். யாருடைய புட்டு யாருக்கு வந்தது என்று தெரியாது. இலை முடிகிற நேரம் மிஸியிடம் இருந்து போன் வந்தது. மிசினில் போட்டாயிற்று, மூச்சு வாங்குவது குறைகிறது என்றாள். ரீச்சர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதார். கணக்குப் பிரிவு ஐயாவும் அழுதார். நான் என்ஜினைப் பார்க்கப் போகிறவன்போல இறங்கிப் போய்விட்டேன்.

நானாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவரை என்ன நடந்தது என்று கேட்டேன். “நல்ல தேத்தண்ணி தந்தவை,” என்றார்.  அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வராமலே ஓய்வு பெற்றார் என்பதை நான் பிறகுதான் வேறு ஆட்கள் சொல்லி அறிந்தேன்.

சிவஞானம் அதற்குப் பிறகு மூன்று பெரும்போகம் விதைத்தார். மூன்றாவதை அறுத்து, முதல் நெல்லில் பொங்கி, பஸ் முழுக்கப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சிறுபோகத்துக்கு அவர் இல்லை.

அவர் செத்து எட்டாம் நாள் சடங்கு முடிந்து வந்த செவ்வாய், பஸ் நிரம்பி வழிந்தது. அந்த சீற்றில் ஒருவரும் இருக்கவில்லை. ரீச்சருடைய சீற்றல்லவா, அவராவது இருப்பார் என்று நான் கண்ணாடியில் பார்த்தேன். அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாங்குளத்தில் ஒரு இளம் தாய் ஏறினாள். முன்பு கண்டதில்லை. கையில் துணி சுற்றியிருந்தது. நெரிசலுக்குள் எங்கே போவது என்று தெரியாமல் முழித்தாள். ரீச்சர் அவளுடைய மற்றக் கையைப் பிடித்து இழுத்தார். “வாங்கோ பிள்ளை. இது உங்கட சீற்.”

ரீச்சரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பஸ் புதிது, சாரதி புதிது. மாங்குளத்தில் மிசினுக்குப் போக ஏறுகிறவளுக்கு அந்த சீற்றை விடுவதை மட்டும் சனம் ஒருவரிடம் இருந்து ஒருவர் பார்த்துப் பழகி வைத்திருக்கிறது.

நிரோஷனின் தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. “அப்ப செக்கிங் ஐயாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?” என்று கேட்டான்.

“என்ர பேரில எழுதச் சொல்லு. பரராசா.”

“நீங்கள் பென்சன் எடுத்திட்டியளே அண்ணை?”

“நான்தானே எடுத்தனான். என்ர பேர் இன்னும் பென்சன் எடுக்கேல்லை. போய்ச் சொல்லு.”

செவ்வாய்க்கிழமை போன் செய்தான். குரலில் பெரிய துள்ளல். செக்கிங் ஐயா ஏறினாராம். வெறும் சீற்றைக் காட்டிக் காரணம் கேட்டாராம். இவன் என் பேரைச் சொன்னானாம். அவர் பேனையைத் திறக்க, பின்னால் இருந்து ஒரு கிளாக்கர் பிள்ளை, “என்ர பேரையும் போடுங்கோ ஐயா,” என்றாளாம். பிறகு இன்னொருவர். பிறகு புட்போட்டில் தொங்கினவன். மனுசனுக்கு எழுதக் கடதாசி போதாது என்ற நிலை. யாரோ அவருக்கு மெல்லக் கதையைச் சொன்னார்களாம். அவர் பேனையை மூடிப் பொக்கற்றில் செருகிவிட்டு, அந்த சீற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாங்குளம் வரை நின்றபடியே வந்தாராம்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே நானாவுக்கு அடித்தேன். மகளோடு வவுனியாவில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். கத்திக் கத்தி முழுவதையும் சொன்னேன். கத்துவது எனக்கு என்ன புதிதா. அவர் கடைசி வரை கேட்டார்.  அழப்போகிறாரோ என்று நினைத்தேன்.

“பரா,” என்றார்.

“சொல்லுங்கோ நானா.”

“பஸ் நேரத்துக்கு வெளிக்கிட்டதோ?”

“வெளிக்கிட்டது நானா.”

“அப்ப சரி,” என்றார்.